வில்லங்க நிலத்தில் வளர்ந்த காடு

2011 ஜூன் 30ஆம் தேதி இரவு, சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி ரயில் வடக்கே புறப்பட்டது. அதை ஓட்டியவர், எல்லைக்கு அப்பால் மலேசியாவில் இருக்கும் ஜொகூர் மாநிலத்தின் சுல்தான் இப்ராஹிம். சிங்கப்பூரை ஜொகூரோடு இணைக்கும் கடற்பாலம் 1924இல் திறக்கப்பட்டபோது ஜொகூரை ஆண்டவர் இவருடைய கொள்ளுத்தாத்தா. அதனால் இந்தக் கடைசி ஓட்டத்தைத் தானே நடத்திக் கொடுக்க விரும்பினார். வழியெங்கும் ரயில்வே கேட்டுகளில் மக்கள் கேமராவோடு காத்து நின்றார்கள்.

மறுநாள் ஜூலை 1ஆம் தேதி, தீவின் தெற்கிலிருந்து வடக்கு வரை 24 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு நிலத்துண்டு சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்தது. சுமார் 700 சதுர கிலோமீட்டர்தான் அந்த நாட்டின் மொத்தப் பரப்பு. கடலில் மண் கொட்டி நிலம் உண்டாக்கும் ஊர் அது. அப்படிப்பட்ட ஊரின் நடுவே இவ்வளவு நீளப் பச்சைக்கோடு ஒன்று எப்படி மிஞ்சியது?

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் பெரிய புதிர் எதுவும் இருக்காது. தெருவில் நல்ல மனை ஒன்று இருக்கும். இரண்டு பக்கமும் மாடி வீடுகள் எழும்பியிருக்க, அது மட்டும் புதர் மண்டிக் கிடக்கும். விசாரித்தால், "பங்காளிச் சண்டை, கேஸ் நடக்குது" என்பார்கள். அண்ணன் கட்ட வந்தால் தம்பி தடை வாங்குவார். தம்பி விற்கப் பார்த்தால் அண்ணன் கையெழுத்துப் போட மாட்டார். இடையில் எருக்கும் ஆமணக்கும் தலையெடுக்கும், கீரிப்பிள்ளை குடியேறும். சிங்கப்பூர் ரயில் நிலத்தின் கதையும் இதே வில்லங்கக் கதைதான். பங்காளிகள் இரண்டு நாடுகள், அவ்வளவுதான்.

தொடக்கத்திலிருந்து சொன்னால், சிங்கப்பூரில் முதல் ரயில் 1903இல் டேங்க் ரோட்டிலிருந்து வடக்கு நோக்கி ஓடியது. தென்னிந்தியாவில் பல காலம் ஓடிய அதே மீட்டர் கேஜ் பாதை. 1918இல் ஒரு சட்டம் போட்டு, பாதையையும் அதன் நிலத்தையும், இன்றைய மலேசியாவுக்குள் இருக்கும் மலாய்க் கூட்டு மாநிலங்களின் ரயில்வேக்கு மாற்றிக் கொடுத்தார்கள். நிலத்தின் பெரும்பகுதிக்குக் குத்தகைக் காலம் 999 ஆண்டுகள். இரண்டு பக்கமும் ஆண்டது ஒரே பிரிட்டிஷ்காரர் என்பதால், எல்லாம் வீட்டுக்குள் நடக்கும் பாகப்பிரிவினை போல அன்றைக்குத் தோன்றியிருக்க வேண்டும். 1932இல் பாதையைத் திருப்பிவிட்டு, தஞ்சோங் பகாரில் பெரிய நிலையமும் புக்கிட் தீமாவில் சின்ன நிலையமும் கட்டினார்கள். இன்று நாம் பேசும் வழித்தடம் பெரும்பாலும் அந்த 1932ஆம் ஆண்டுப் பாதைதான்.

மலாயாவின் ரயில் பாதைகளைப் போட்டவர்களிலும், பிறகு ஜல்லி தட்டிப் பராமரித்தவர்களிலும் கணிசமானோர் தமிழர்கள். குவீன்ஸ்வே பக்கம் ரயில் தொழிலாளர்கள் 1932இல் தண்டவாளத்தை ஒட்டி ஒரு குடிசைக் கோயில் எழுப்பி முனீஸ்வரனை வைத்தார்கள். எல்லையில் நிற்கிற, இரவில் காவல் சுற்றுகிற சாமி. ராத்திரியில் லாந்தர் பிடித்துத் தண்டவாளம் பார்க்கப் போகிறவர்களுக்கு அவரைவிடப் பொருத்தமான துணை இல்லை. அந்தக் கோயில் இப்போது காமன்வெல்த் டிரைவில் பெரிய கோயிலாக இருக்கிறது. வழித்தடத்தில் சைக்கிளில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு.

1965இல் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்து தனி நாடானது. நிலம் சிங்கப்பூருக்குள் இருந்தது, குத்தகை மலேசிய ரயில்வேயிடம் இருந்தது. 1990 நவம்பர் 27ஆம் தேதி, பிரதமர் பதவியிலிருந்து விலகுவதற்கு முந்தைய நாள், லீ குவான் இயூ மலேசிய நிதியமைச்சர் டைம் சைனுதீனோடு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். நிலையத்தை வடக்கே நகர்த்துவது, விடுபடும் நிலத்தை இருவரும் சேர்ந்து கட்டுமானத்துக்குப் பயன்படுத்துவது என்பது அதன் சாரம். ஆனால் அது எப்போது நடைமுறைக்கு வரும் என்பதில் இரு தரப்பும் இரண்டு விதமாகப் பொருள் சொன்னார்கள். அப்படியே 20 ஆண்டுகள் ஓடிவிட்டன.

இழுபறி எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 1998 ஆகஸ்டில் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை உட்லண்ட்ஸுக்கு மாற்றிக்கொண்டது. மலேசியா தஞ்சோங் பகாரை விட்டு நகர மறுத்தது. ஆக, ரயில் பயணி முதலில் தஞ்சோங் பகாரில் மலேசியாவுக்குள் நுழைந்ததாகக் கணக்கு, அப்புறம் உட்லண்ட்ஸ் வந்து சிங்கப்பூரை விட்டு வெளியேறுவார். 2010 மே மாதம் அப்போதைய பிரதமர்கள், சிங்கப்பூரின் லீ சியன் லூங்கும் மலேசியாவின் நஜிப்பும், பேசி முடித்தபோதுதான் முடிச்சு அவிழ்ந்தது. ரயில் நிலத்தில் 6 மனைகளுக்கு ஈடாக மரினா சவுத்திலும் ஓஃபிர்-ரோச்சோரிலும் மனைகள் கொடுக்கப்பட்டன. 60-40 என்ற பங்கில் இரு நாடுகளும் சேர்ந்து அங்கே கோபுரங்கள் கட்டின. மரினா ஒன், டுவோ என்று இன்று நிற்கும் கட்டடங்கள் அவைதான்.

இந்தப் பேரம் நடந்து முடியும் வரை அந்த நிலத்தில் யாரும் வீடு கட்டவில்லை, சாலை போடவில்லை. சுற்றிலும் நகரம் வானுயர எழுந்தபோது ஒற்றைத் தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் அல்பீசியாவும் ஆப்பிரிக்கத் துலிப்பும் வளர்ந்தன. பழைய ரப்பர் தோட்டங்களின் மிச்சம் காடாகத் திரும்பியது. பக்கத்துக் குடியிருப்புவாசிகள் வாழை, பப்பாளி வைத்தார்கள். ஒரு நாளைக்குச் சில ரயில்கள், மற்ற நேரம் அமைதி.

ரயில் நிலம் ஏன் உயிரினங்களுக்கு இவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் மேட்டை வெட்டிப் பள்ளமாக்குவார்கள், பள்ளத்தில் மண் நிரப்பிக் கரை எழுப்புவார்கள். இரண்டு ஓரமும் மழைநீர் ஓட வாய்க்கால் எடுப்பார்கள். விளைவாக, பத்துப் பதினைந்து அடி நடப்பதற்குள் நான்கு விதமான இடங்கள் கிடைக்கின்றன: வெயிலில் கொதிக்கும் ஜல்லி மேடு, புல் சரிவு, ஈரம் தங்கும் வாய்க்கால், அதற்கப்பால் மரநிழல். ஜல்லி மேட்டில் ஓணானும் அரணையும் வெயில் காயும். ரயில் ஓடிய காலத்தில் பாதைக்காரர்கள் புல்லை வெட்டிக்கொண்டே இருந்ததால், புல்விதை தின்னும் சில்லைகளுக்குத் திறந்தவெளி கிடைத்தது. வாய்க்காலில் தவளை, தவளை இருந்தால் பாம்பு, மீன் இருந்தால் மீன்கொத்தி.

எல்லாவற்றையும் விட முக்கியம், அது அறுபடாத ஒரே கோடாக இருப்பது. நகரத்தில் காட்டுத்துண்டுகள் தீவுகளைப் போல மிதக்கின்றன. ஒரு துண்டில் இருக்கும் சிறு கூட்டம் தங்களுக்குள்ளேயே இணைசேர்ந்து நலியும். ஒரு நோயோ ஒரு பெரிய கட்டுமானமோ வந்தால் அந்தத் துண்டில் அந்த இனம் தீர்ந்துவிடும், வேறிடத்திலிருந்து வந்து நிரப்பவும் ஆள் இருக்காது. சிங்கப்பூரின் பழமையான காடான புக்கிட் தீமா வனக்காப்பகத்துக்கு நடந்தது இதுதான். சுமார் 160 ஹெக்டேர் பரப்புள்ள அந்த மழைக்காட்டையும் நடுநீர்ப்பிடிப்புக் காட்டையும் 1980களில் ஓர் ஆறுவழி விரைவுச்சாலை இரண்டாகப் பிரித்துவிட்டது. எறும்புத்தின்னிகளும் மரநாய்களும் காரில் அடிபட்டன. பிறகு 2013இல் அந்தச் சாலைக்கு மேலே மண் போட்டு மரம் நட்டு, விலங்குகளுக்கென்றே 62 மீட்டர் நீளத்தில் ஒரு பாலம் கட்டினார்கள். அறுத்ததைத் தைப்பதற்கு அவ்வளவு செலவு. புக்கிட் தீமா குன்றின் மறுபக்கத்தில், அடிவாரத்தை உரசியபடி தெற்கே கிளமெண்டி காடு வரை ஏற்கெனவே ஓர் இணைப்பு தானாக உருவாகி இருந்தது. அதுதான் ரயில் பாதை.

இந்தப் பக்கத்துக் காடுகளில் கேட்கும் குரல்களில் ஒன்று வைக்கோல்தலைச் சின்னானுடையது. நம் ஊர்ச் சின்னான்களுக்கு உறவு, ஆனால் உருவில் பெரியது. தலை வைக்கோல் நிறம், குரல் கணீரென்று ஊரைக் கூட்டும். அந்தக் குரலே அதற்கு எமனாகிவிட்டது. பாட்டுப்போட்டிக்கும் கூண்டுக்கும் பிடித்துப் பிடித்து ஜாவாவிலும் தாய்லாந்திலும் அது இல்லாமலே போய்விட்டது. 2018இல் அழியும் உயிரினங்களின் உலகப் பட்டியலில் மிக ஆபத்தான நிலையில் இருக்கும் இனமாக மாற்றப்பட்டது. அதற்கு மிஞ்சியிருக்கும் முக்கியமான புகலிடங்களில் ஒன்று சிங்கப்பூர். சில நூறு பறவைகள் இங்கே பாடிக்கொண்டிருக்கின்றன. இவ்வளவு நெரிசலான நகரத்தில்!

சரி, இது சிங்கப்பூருக்கு மட்டுமே வாய்த்த அதிசயமா என்றால், இல்லை. அச்சு அசலாக இதே கதை பெர்லினில் நடந்திருக்கிறது. அங்கே தெற்கில் டெம்பல்ஹோஃப் என்ற இடத்தில் சரக்கு வண்டிகளைப் பிரித்துக் கோக்கும் பெரிய யார்டு ஒன்று இருந்தது. போருக்குப் பிறகு பெர்லின் இரண்டானது. ஆனால் மேற்கு பெர்லினிலும் ரயில் நடத்தும் உரிமை கிழக்கு ஜெர்மனியின் ரயில்வேயிடம் போய்ச் சேர்ந்தது. 1952இல் யார்டு மூடப்பட்டது. நிலம் மேற்கில், பொறுப்பு கிழக்கில். யாரும் தொடவில்லை. ஊர் ஊராய்ப் போய்வந்த சரக்கு வண்டிகளோடு வந்து உதிர்ந்திருந்த விதைகளும் காற்றில் வந்த விதைகளும் ஜல்லியில் முளைத்தன. பிர்ச் மரங்களும், வட அமெரிக்காவிலிருந்து வந்த ரொபீனியா மரங்களும் தண்டவாளங்களுக்கு நடுவே எழுந்தன.

அந்த இடத்தில் மறுபடி ஒரு சரக்கு நிலையம் கட்டும் திட்டம் வந்தபோது, 1980 வாக்கில் அக்கம்பக்கத்து மக்கள் குழுவாகத் திரண்டு எதிர்த்தார்கள். அவர்கள் கையில் கோஷம் மட்டும் இருந்திருந்தால் தோற்றிருப்பார்கள் என்பது என் எண்ணம். பெர்லினில் அப்போது நகரச் சூழலியல் என்ற துறையே வளர்ந்துகொண்டிருந்தது. சுவர் சூழ்ந்த நகரத்தில் அடைபட்ட தாவரவியலாளர்கள் வெளியூர்க் காடுகளுக்குப் போக வழியில்லாமல், குண்டு விழுந்த மனைகளையும் ரயில் யார்டுகளையும் ஆராயத் தொடங்கியிருந்தார்கள். ஹெர்பர்ட் சுக்கோப், பின்னாளில் இங்கோ கோவாரிக் போன்றவர்கள் அந்த மரபில் வந்தவர்கள். டெம்பல்ஹோஃப் யார்டில் எண்ணிப் பார்த்ததில் 366 வகைப் பூக்கும் தாவரங்களும் பெரணிகளும், 95 வகைக் காட்டுத் தேனீக்களும், 57 வகைச் சிலந்திகளும் பதிவாயின. பட்டியல் கையில் இருந்ததால், "வெறும் புதர்தானே" என்று யாராலும் தள்ளிவிட முடியவில்லை. 1999இல் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. 2000ஆம் ஆண்டு மே மாதம் 18 ஹெக்டேர் பரப்பில் ஷோனபெர்கர் சூட்கெலண்டே இயற்கைப் பூங்கா திறக்கப்பட்டது.

ஆனால் அங்கே ஒரு சிக்கல் இருந்தது. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான். சும்மா விட்டதால் வளர்ந்த இடம், அப்படியே சும்மா விட்டால் அழிந்துவிடும் நிலைக்கு வந்திருந்தது. 1981இல் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் இருந்த மரச்செறிவு பத்தே ஆண்டில் 70 சதவீதத்தைத் தொட்டது. காடு வளர்வது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அந்த அரிய தேனீக்களும் வெட்டுக்கிளிகளும் இருந்தது காய்ந்த புல்வெளியில். நிழல் விழுந்தால் அவை போய்விடும். எனவே ஒரு முடிவெடுத்தார்கள். சில இடங்கள் திறந்த புல்வெளியாகவே இருக்கும், அதற்குச் செம்மறி ஆடுகளை மேய விடுவார்கள், புல் வெட்டுவார்கள். சில இடங்கள் வெளிச்சம் விழும் தோப்பாக இருக்கும். மற்ற இடங்களில் மரங்கள் இஷ்டப்படி வளரட்டும். மனிதர்கள் நடக்க, பழைய தண்டவாளங்களின் மேலேயே பாதை. மிக நுட்பமான பகுதியில் தரையில் கால் படாதபடி, அரை மீட்டர் உயரத்தில் இரும்புத் தளம். உள்ளே சைக்கிளுக்கு அனுமதியில்லை. தண்ணீர்த் தொட்டிக் கோபுரமும் எஞ்சின் திருப்பும் வட்ட மேடையும் அப்படியே நிற்கின்றன.

நியூயார்க்கின் ஹை லைன் இவற்றைவிடப் புகழ்பெற்றது. 1980இல் ரயில் நின்று, 2009இல் பூங்காவாகத் திறந்த மேம்பாலப் பாதை. அழகான இடம், ஆனால் அங்கே தானாக முளைத்திருந்ததையெல்லாம் அகற்றி, கட்டமைப்பைச் சரிசெய்து, புதிதாக நட்டார்கள். சுற்றுவட்டாரத்தில் மனை விலை எகிறியது. நம் பேச்சுக்கு பெர்லின் பாடமே போதும்.

சிங்கப்பூருக்குத் திரும்புவோம். ரயில் நிற்பதற்கு முன்பே, 2010 அக்டோபரில் சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் முழு வழித்தடத்தையும் பசுமைத் தடமாக வைத்திருக்க வேண்டுமென ஒரு திட்டத்தை அரசிடம் கொடுத்தது. நிலம் கைமாறுவதற்கு முன்பே கோரிக்கை மேசையில் இருந்தது என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். கைமாறிய பிறகு கேட்டிருந்தால், அதற்குள் வரைபடத்தில் கோடுகள் விழுந்திருக்கும். 2011 ஜூலையில் தண்டவாளத்தைப் பிரிக்கும் முன் 17 நாள்கள் மக்கள் அதில் நடக்கலாம் என்று விட்டார்கள். குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அதுவரை ரயில் சன்னலிலிருந்து மட்டுமே பார்த்த, அல்லது பார்த்தேயிராத ஓர் ஊரைத் தங்கள் ஊருக்குள்ளேயே பார்த்தார்கள். புக்கிட் தீமா பகுதியில் ஒரு துண்டை மாதக் கடைசி வரை நீட்டித்துத் திறந்து வைக்க வேண்டியதாயிற்று. அந்த நடைகள் எந்த அறிக்கையையும்விட வலுவாகப் பேசின என்றே சொல்வேன்.

தண்டவாளங்கள் பெரும்பாலும் பிரித்து எடுக்கப்பட்டன. இரண்டு கறுப்பு இரும்புப் பாலங்களும் புக்கிட் தீமா நிலையமும் காப்பாற்றப்பட்டன. ஒற்றைத்தடப் பாதை என்பதால் ஒரு காலத்தில் அந்த நிலையத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் கையால் டோக்கன் கொடுத்துத்தான் ரயிலை அனுப்புவார். 2015இல் வடிவமைப்புப் போட்டி வைத்து, ஜப்பானின் நிக்கன் செக்கெய் நிறுவனத்தின் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். இடையில் வழித்தடத்தின் ஒரு நீண்ட பகுதிக்கு அடியில் குடிநீர்க் குழாய் பதிக்கும் வேலை நடந்தது. மையப் பகுதி 2021இலும், புக்கிட் தீமா நிலையம் 2022இலும் மக்களுக்குத் திறக்கப்பட்டன.

பாதை எப்படி இருக்க வேண்டும் என்பதில் நியாயமான கருத்து வேறுபாடு உண்டு. மண்ணும் புல்லுமாய் இருந்த பழைய தடத்தை நேசித்தவர்களுக்கு, சமன்படுத்திய அகலப் பாதை ஓர் இழப்பு. மழை பெய்தால் சேறாகும் தடத்தில் சக்கர நாற்காலிக்காரரோ, பேரப்பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்த பாட்டியோ எப்படிப் போவார்கள் என்பது மறுபக்கக் கேள்வி. இரண்டாவதை என்னால் ஒதுக்க முடியவில்லை. பொது இடம் என்றால் அவர்களுக்கும் சேர்த்துத்தான். ஆனால் பாதை அகலமாவதற்கும் இரவு முழுக்க விளக்கு எரிவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. நல்ல பாதையில் பகலில் நாம் நடக்கலாம். இரவு மரநாய்க்கும் ஆந்தைக்கும் உரியது, அந்த நேரத்துக்கு இருட்டு வேண்டும். பல இடங்களில் பாதையைச் சரியாகப் போட்டு, ஓரங்களில் மழைக்காட்டு மரங்களை நட்டிருப்பது நல்ல காரியம். அவை முதிர இன்னும் பல பத்தாண்டுகள் ஆகும்.

என் கவலை பாதையைப் பற்றியதல்ல. வழித்தடம் மிகக் குறுகலான நிலம். ஓரக் காடுகள் இருக்கும் வரைதான் அது விலங்குகள் போய்வரும் வழி. ஓரம் போய்விட்டால், இரண்டு வரிசை மரத்துக்கு நடுவே ஒரு நடைபாதை மட்டும் மிஞ்சும். 2021 பிப்ரவரியில் கிராஞ்சியில் வழித்தடத்தை ஒட்டிய காட்டில் பெரிய பரப்பு மொட்டையாகக் கிடப்பது ஆகாயப் படங்களில் தெரிந்து ஊரே அதிர்ந்தது. வேளாண் உணவுத் தொழிற்பூங்காவுக்கான நிலம் அது. உயிரினங்களைக் கணக்கெடுக்கும் ஆய்வு முடிவதற்கு முன்பே சுமார் 4.5 ஹெக்டேரில் மரங்கள் தவறுதலாக வெட்டப்பட்டுவிட்டதாக நிலத்துக்குப் பொறுப்பான ஜேடிசி கழகம் ஒப்புக்கொண்டது. வெட்டியவை பெரும்பாலும் அல்பீசியா, வெளியிலிருந்து வந்த மரம்தான் என்றொரு சமாதானமும் அப்போது பேசப்பட்டது. பெர்லினின் ரொபீனியாவும் வெளியிலிருந்து வந்ததுதான். கூடு கட்டும் கழுகு மரத்தின் பூர்வீகம் விசாரிப்பதில்லை.

கிளமெண்டி காடு இன்னும் பெரிய கேள்வி. 85 ஹெக்டேர், கைவிட்ட ரப்பர் தோட்டத்திலிருந்து தானாக எழுந்த காடு. 1998 முதல் திட்ட வரைபடத்தில் அது குடியிருப்பு நிலம். 2020 கடைசியில் அதைக் காப்பாற்றச் சொல்லிப் பெரிய கோரிக்கை எழுந்தது. 2021இல் அரசு சொன்ன பதில்: குடியிருப்பு என்ற வகைப்பாடு அப்படியே இருக்கும், ஆனால் வீடு கட்ட உடனடித் தேவை இல்லை, அடுத்த தலைமுறை முடிவு செய்யட்டும். சிங்கப்பூரில் வீடு என்பது விளையாட்டல்ல, இளம் தம்பதிகள் வீட்டுக்காக வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அந்த நெருக்கடியை மறைத்துவிட்டுக் காட்டைப் பற்றிப் பேசக் கூடாது. ஆனாலும் வீடு கட்ட வேறு நிலம் தேடலாம், கோல்ஃப் மைதானங்கள் இருக்கின்றன, பழைய குடியிருப்புகளை இன்னும் உயர்த்தலாம். புக்கிட் தீமாவிலிருந்து தெற்கே போகும் விலங்குக்கு வேறு வழி கிடையாது.

அந்தக் காட்டுக்குள் இன்னொரு ரயில் பாதை கிடக்கிறது. ஜூரோங் தொழிற்பேட்டைக்குச் சரக்கு கொண்டுபோக 1960களில் போட்டு, 1990களில் கைவிட்ட கிளைப்பாதை. முக்கியத் தடத்தின் தண்டவாளங்களைப் பிரித்தெடுத்தது போல இதை முழுவதும் பிரித்தெடுக்கவில்லை. சன்செட் வே பக்கம் ஒரு பழைய பாலம் நிற்கிறது. உள்ளே போனால் துருப்பிடித்த தண்டவாளத் துண்டுகள் இலைச்சருகுக்கு அடியில் தட்டுப்படும், ஸ்லீப்பர் கட்டைகளுக்கு நடுவே வேர் ஓடியிருக்கும்.